தண்ணீர் விட்டுப் பிசைந்த மாவு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மட்டாஞ்சேரியில் என் வீட்டுச் சமையலறையில் நான் பழம் வைத்து மூடிச் சுடும் ஃப்ரூட் பை ஒன்று செய்தேன். எழுபத்தாறு வயதில் முதல் தடவையாக மாவில் கை வைக்கிறவன் படும் பாடெல்லாம் பட்டேன். முட்டை, வெண்ணெய், நெய், பால், தயிர் எதுவும் அதில் கிடையாது. இப்போது வீகன் என்கிறார்கள். என் மகள் இதைச் செய்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு அந்தச் சொல் தெரியாது. தெரிந்திருந்தாலும் நான் நடந்துகொண்ட விதம் மாறியிருக்காது.

அவள் அன்று கொண்டுவந்ததை நான் சாப்பிடவில்லை. என் மனைவியையும் சாப்பிட விடவில்லை. அதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும், வெறுங்கையோடு போகக்கூடாது, அதையே என் கையால் செய்து எடுத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். மகள் இருப்பது தோப்பும்படியில். பஸ்ஸில் போனால் கால் மணி நேரம். அவளுக்குக் கல்யாணம் ஆகி ஒன்பது வருடத்தில் நான் ஒருமுறைகூட அங்கே போனதில்லை.

செய்முறை எழுதிய தாள் மனைவியின் புடவை அலமாரியில், புடவைகளுக்கு அடியில் விரித்திருந்த பேப்பருக்கும் கீழே இருந்தது. அவள் இறந்து மூன்று வருடம் கழித்துத்தான் அந்த அலமாரியைத் திறக்க எனக்குத் துணிச்சல் வந்தது. தாள் முழுக்க மலையாளம். மகளின் கையெழுத்து. நாங்கள் நாலு தலைமுறையாகக் கொச்சியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் தமிழ்தான் பேசுவோம், ஆனால் மகளுக்குத் தமிழ் எழுத வராது.

ஓவன் வாங்க பிராட்வே கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்காரர் சின்னதாக ஒன்றை எடுத்து வைத்துவிட்டு, "பேரக் குட்டிக்கா சாரே?" என்றார்.

"இல்ல, எனக்குத்தான்."

"இந்த வயசிலயா பேக்கரி துடங்கப் போறீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன்.

தேங்காயெண்ணெயை முந்தின நாளே ஃப்ரிட்ஜில் வைத்துக் கட்டியாக்க வேண்டும். அதை மைதாவில் போட்டு விரல் நுனியால் தேய்த்தால், புட்டு மாவு மாதிரி உதிரியாக வரவேண்டும். நான் முப்பத்திரண்டு வருடம் காலேஜில் கெமிஸ்ட்ரி நடத்தியவன். எண்ணெய் உருகாமல் மாவுக்குள் கட்டி கட்டியாக நிற்க வேண்டும், அப்போதுதான் சூட்டில் அது உருகி மேல்தோல் பொரபொரப்பாகும் என்பது படித்தவுடனே புரிந்தது. புரிந்து என்ன பிரயோஜனம்? கொச்சிப் புழுக்கத்தில் என் கைச்சூட்டுக்கே எண்ணெய் உருகி, மாவு சப்பாத்தி மாவு போல வழவழவென்று ஆகிவிட்டது. அதைக் கொட்டினேன். இரண்டாவது தடவை கையை ஐஸ் தண்ணீரில் முக்கி முக்கித் தேய்த்தேன். பிறகு ஒரு சிட்டிகை உப்பு, ஐஸ் தண்ணீர் ஐந்து ஸ்பூன். ஒவ்வொரு ஸ்பூனாக.

அன்னாசியைப் பொடியாக நறுக்கிச் சர்க்கரையோடு தண்ணீர் வற்றும்வரை கிளறினேன். நன்றாகப் பழுத்த நேந்திரம்பழத்தை வட்டம் வட்டமாக வெட்டி அதில் சேர்த்து, கிராம்புப் பொடியும் கரைத்த கார்ன்ஃப்ளவரும் போட்டு இறக்கினேன். மாவைத் தேய்த்துத் தட்டுக்கு மாற்றும்போது நடுவில் கிழிந்தது. ஒட்டுப்போட்டேன். மேல்மூடிக்கும் மாவைத் தேய்த்துப் பரத்தி, அதன்மேல் தேங்காய்ப்பால் தடவி ஓவனுக்குள் தள்ளிவிட்டு, அது வேகும் முக்கால் மணி நேரமும் சமையலறையிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கல்யாணமான நாளிலிருந்து அந்த அறையில் அவ்வளவு நேரம் நான் இருந்ததில்லை.

என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

என் ஒரே மகள் முப்பத்திரண்டாவது வயதில், தோப்பும்படியில் படகு எஞ்சின் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருக்கிற ஒரு கிறிஸ்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ரிஜிஸ்டர் ஆபீசில் நடந்தது. நான் போகவில்லை, மனைவியையும் போகவிடவில்லை. ஆனால் நான் மகளை வீட்டைவிட்டு விரட்டியவன் அல்ல. அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. "எப்ப வேணும்னாலும் வா. ஆனா உன் சமையலறையில பண்ணின எதையும் நானும் அம்மாவும் தொடமாட்டோம். அதை மட்டும் கேக்காதே" என்று சொன்னேன். நாகரிகமான ஏற்பாடு என்று நினைத்தேன். அவள் மாதம் ஒருமுறை வருவாள். வரும்போது முழுப்பழமாக வாங்கி வருவாள், ஆரஞ்சோ சீதாப்பழமோ. அடுப்பில் ஏறாத பொருளுக்குத் தோஷமில்லை என்பதால் அதை வாங்கிக்கொள்வேன்.

நான் அப்படி ஒன்றும் ஆசாரமானவன் இல்லை. இதைச் சொல்லாவிட்டால் மற்றதைச் சொல்லிப் பயனில்லை. காலேஜுக்கு எதிரே இருந்த பேக்கரியில் நண்பர்களோடு முட்டை பப்ஸ் தின்றிருக்கிறேன். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, பல வருடம். யார் கையால் செய்தது, எந்தத் தண்ணீர் என்று அங்கே நான் கேட்டதில்லை. வீட்டுக்கு வந்ததும் கால் அலம்பிக்கொண்டு உள்ளே போவேன். என் ஆசாரமெல்லாம் வீட்டுக்குள்தான். அதைச் சுமந்தது என் மனைவி.

கல்யாணமாகி நாலு வருடம் கழித்து ஒரு ஞாயிறு மதியம் மகள் கையில் ஒரு டப்பாவோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. டப்பாவைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தாள். மேலே பொன்னிறமாக, ஓரத்தில் விரலால் அழுத்திய மடிப்புகளோடு ஒரு ஃப்ரூட் பை.

"அப்பா, இதுல முட்டை இல்லை. வெண்ணெய் இல்லை, நெய் இல்லை. பால்கூட ஒரு சொட்டு இல்லை. புதுப் பாத்திரம் வாங்கித்தான் பண்ணினேன். நீங்க நம்ப மாட்டேள்னு எல்லாத்தையும் எழுதியே கொண்டு வந்திருக்கேன்" என்று தாளை நீட்டினாள்.

மனைவி அதற்குள் சமையலறையிலிருந்து மூன்று தட்டும் கத்தியும் எடுத்து வந்துவிட்டாள். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பரீட்சைத் தாள் திருத்துகிறவன் மாதிரி வரி வரியாகப் படித்தேன். தப்பு கண்டுபிடிக்கத்தான் படித்தேன். கண்டுபிடித்தேன்.

எங்கள் வீடுகளில் பத்து என்று ஒன்று உண்டு. தண்ணீரும் உப்பும் சேர்த்து அடுப்பில் வெந்த பண்டம் பத்து. அதை மற்றவர் வீட்டில், மற்றவர் கையால் சாப்பிடக்கூடாது. பாலில் பிசைந்து நெய்யில் செய்ததற்குப் பத்து கிடையாது. அதனால்தான் அந்தக் காலத்தில் தூரப் பயணம் போனால் பாலில் பிசைந்த பலகாரமாகக் கட்டிக்கொண்டு போவார்கள். மகள் பால், நெய் இரண்டையும் நீக்கினால் சுத்தம் கூடும் என்று நினைத்துவிட்டாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் கணக்கில் அது நேர்தலைகீழ்.

"ஐஸ் வெள்ளம் அஞ்சு ஸ்பூன்னு எழுதியிருக்கே" என்றேன்.

"ஆமாம்."

"உப்பும் போட்டிருக்கே. தண்ணி விட்டு உப்புப் போட்டுப் பிசைஞ்சா அது பத்துன்னு நோக்குத் தெரியாதா? பாலில பிசைஞ்சு நெய்யில பண்ணியிருந்தேன்னா நான் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டேன்."

அவள் ஒரு நிமிடம் அம்மாவைப் பார்த்தாள். பிறகு, "மேல தேங்காய்ப்பால் தடவியிருக்கேன்பா" என்றாள். முப்பத்தாறு வயதுப் பெண், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அப்படி ஒரு பலவீனமான பதிலை அவள் சொல்லிக் கேட்டதே இல்லை.

"தேங்காய்ப்பால் எப்ப பசு கறந்தது?" என்றேன். என் நகைச்சுவை எனக்கே பிடித்திருந்தது.

மனைவி அதற்குள் கத்தியை ஃப்ரூட் பையின் மேல் வைத்துவிட்டிருந்தாள். மேல்தோல் லேசாக உடைந்து, உள்ளேயிருந்து கிராம்பு வாசனை வந்தது. "குழந்தை ஆசையாப் பண்ணிக் கொண்டு வந்திருக்கா. நான் மட்டுமாவது ஒரு துண்டு..." என்றாள். என்னைப் பார்த்துக் கேட்டாள். நாற்பது வருடத்தில் என்னிடம் அவள் இப்படி நேராகக் கேட்டது மிகக் குறைவு.

"இந்த ஆத்துக்குள்ள வேண்டாம்" என்றேன்.

அவள் கத்தியை எடுத்தாள். அதன் நுனியில் ஒட்டியிருந்த பாகைத் துணியால் துடைத்தாள். டப்பாவை மூடி மகளிடம் கொடுத்தாள். தாளை மட்டும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மகள் செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அம்மா ஆஸ்பத்திரியில் படுக்கும்வரை அவள் எங்கள் வாசலுக்கு வரவில்லை. தினமும் மாலையில் அம்மாவுக்குப் போன் மட்டும் வரும். நான் டிவியின் சத்தத்தைக் கூட்டிக்கொள்வேன்.

இரண்டு வருடம் கழித்து மனைவி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். சின்ன வழுக்கல்தான், ஆனால் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. படத்தைப் பார்த்த டாக்டர், எலும்பு ரொம்பவே பலவீனமாக இருக்கிறது என்றார். கட்டிலில் கிடந்த அவளிடம், "பாலும் தயிரும் கழிக்காறில்லே, அம்மே?" என்று, சாப்பிடுவதில்லையா என்ற அர்த்தத்தில் மலையாளத்தில் கேட்டார்.

நான் முந்திக்கொண்டேன். "என்ன டாக்டர், எங்க ஆத்துல பால் தயிர் இல்லாத நாளே கிடையாது. நெய் இல்லாம ஒரு வாய் இறங்காது."

டாக்டர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். மனைவி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஆபரேஷன் முடிந்து பதினெட்டாம் நாள் நெஞ்சில் சளி கட்டி இறந்துபோனாள்.

சடங்குகள் நடந்த பதின்மூன்று நாளும் மகள் வந்து ஓரமாக நின்றாள். அதன் பிறகு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. சமையலுக்கு ஒரு அம்மாள் வந்து போகிறாள். தாளைப் பார்த்த நாளில்தான், போக வேண்டும் என்று தோன்றியது. போன் செய்து, "ஞாயித்துக்கிழமை நான் வரட்டுமா?" என்று கேட்டேன். "வாங்கோ" என்றாள்.

டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். கடை கடையாக விசாரித்துப் பட்டறையைக் கண்டுபிடித்தேன். வீடு அதற்கு மேல்மாடியில். மாப்பிள்ளை கீழேயே நின்றிருந்தார். கையெல்லாம் கிரீஸ். "சாரே, படி கொஞ்சம் செங்குத்து. மெதுவா" என்று முழங்கையால் என்னைத் தாங்கிக்கொண்டார். ஒன்பது வருடத்தில் அவர் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

மகள் மேலே கதவருகே நின்றாள். முன்தலை நரைத்திருந்தது. டப்பாவை வாங்கித் திறந்து பார்த்தாள்.

"நீங்களா பண்ணினேள்?"

"ஆமாம். உன் தாளைப் பார்த்து."

மாப்பிள்ளை கை கழுவிவிட்டு வந்து கத்தியைத் தேடி எடுத்து, தானே ஒரு துண்டு வெட்டி வாயில் போட்டுக்கொண்டார். "சாரே, கலக்கி! அடி மட்டும் சரியா வெந்திட்டில்ல. குழப்பமில்ல, அடுத்த தடவை ஓவன்ல கீழ் தட்டுல வெச்சா மதி, அது போதும்." இரண்டாவது துண்டையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப்போனார். எங்களைத் தனியாக விட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மகள் சாப்பிடவில்லை. நான் பஸ்ஸில் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். "அன்னிக்கு நீ எனக்காக இவ்வளவு பாடுபட்டுப் பண்ணிக் கொண்டு வந்தே. நான் பத்து அது இதுன்னு சொல்லி உன்னை அவமானப்படுத்தினேன். என்னை மன்னிச்சுடும்மா."

"உங்களுக்காகவா?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"உங்களுக்குப் பண்ணணும்னா நான் நெய்யை ஊத்தியே பண்ணியிருப்பேனே அப்பா. பாலில பிசைஞ்சா பத்தில்லைங்கறது எனக்குத் தெரியாதா? உங்க பொண்ணுதானே நான்?" அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அது அம்மாக்குப் பண்ணினது. என் கல்யாணத்தன்னிக்கு நீங்க அம்மாவைப் போகவிடாம பூட்டி வெச்சேளே, அன்னிக்கு அவ பால், தயிர், நெய் மூணையும் விட்டுட்டா. உங்க கண் முன்னால, உங்க சம்மதத்தோட, என் கையால ஒரு வாய் சாப்பிடறவரைக்கும் தொடறதில்லைன்னு வேண்டிண்டா. ஒளிஞ்சு இங்க வந்து சாப்பிடும்மான்னு நான் எத்தனையோ சொன்னேன். திருட்டுத்தனமா சாப்பிட மாட்டேன்னா. உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கினா. அந்த முதல் வாயில பால் நெய் இருக்கக்கூடாதே. அதனாலதான் தண்ணி."

நான் இல்லை என்று சொல்லப் பார்த்தேன். அப்படி இருந்தால் எனக்குத் தெரியாமலா போகும்? ஆறு வருடம்! பால் தினமும் வந்தது, தயிர் தினமும் உறைந்தது, என் இலையில் நெய் விழுந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் மனைவி உட்காருவாள். நான் பேப்பரை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய்விடுவேன். நாற்பது வருடத்தில் அவள் தட்டில் என்ன இருந்தது என்று நான் ஒரு வேளைகூடப் பார்த்ததில்லை.

ஒன்றே ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு காலை அவள் அடுப்படியில் நின்று கட்டன் காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். "என்ன, பால் தீர்ந்துபோச்சா?" என்று கேட்டேன். "இல்லே, இதுவும் நன்னாத்தான் இருக்கு" என்றாள். "சரிதான், நீயும் உன் பொண்ணு மாதிரி அவா பழக்கத்துக்கு மாறியாச்சு" என்று கேலி செய்துவிட்டு என் டம்ளரோடு நகர்ந்தேன்.

"டாக்டர் கேட்டப்போ..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும். அம்மா சொன்னா. 'உங்கப்பா எனக்கு நெய் ஊத்தித்தான் சோறு இறங்கும்னு டாக்டர்கிட்ட சொல்றார்டி'ன்னு சிரிச்சா."

"அந்த விரதத்தாலதான் அவளுக்கு எலும்பு...?"

"எனக்குத் தெரியாது அப்பா. டாக்டர்கிட்டயும் நான் கேக்கலை. கேட்டு, ஆமாம்னுட்டார்னா நான் என்ன பண்றது? சத்தியம் பண்ணி வாயை மூடிண்டிருந்தவ நானும்தானே."

எனக்கு அழுகை வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வரவில்லை. "மன்னிப்பெல்லாம் என்கிட்ட கேக்காதீங்கோ" என்றாள். "உங்க மேல எனக்குக் கோபம் இருந்தது, இப்ப அதுகூட அவ்வளவா இல்லை. அம்மா விஷயத்துல நான் ஆர் மன்னிக்கறதுக்கு?"

அவள் குரலில் கடுமை இல்லை. திட்டியிருந்தால் எனக்கு எங்கேயோ ஒரு பிடி கிடைத்திருக்கும். கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தாள். "மணி ஒண்ணரை ஆச்சு. சாப்பிட்டுட்டுப் போங்கோ. மீன் பண்ணலை இன்னிக்கு."

தட்டு வைத்தாள். சோறு, பருப்புக் குழம்பு, தேங்காய் போட்டு வதக்கிய பயறுத் தோரன், அப்பளம். எல்லாம் தண்ணீரிலும் உப்பிலும் வெந்தது. நான் சாப்பிட்டேன். காலையிலிருந்து பையோடு மல்லுக்கட்டியதில் நல்ல பசி. இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டேன். எதுவும் நடக்கவில்லை. தோரன் நன்றாக இருந்தது, அவள் அம்மாவின் கைப்பக்குவம். ஒருத்தி ஆறு வருடம் காத்திருந்து கிடைக்காமல் போனது எனக்கு இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது.

"நீயும் உக்காரேன், சேர்ந்து சாப்பிடலாம்" என்றேன்.

"அவர் கீழேர்ந்து வரட்டும். நாங்க ரெண்டு பேரும் சேர்ந்துதான் சாப்பிடுவோம்" என்றாள்.

கிளம்பும்போது டப்பாவைக் கழுவித் தந்தாள். மீதிப் பை பட்டறைக்காரர்களுக்குப் போய்விட்டது. இனிமேல் வரலாமா என்று கேட்டேன். "வரணும்னா போன் பண்ணிட்டு வாங்கோ" என்றாள். யாரோ ஒருவரிடம் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

மூன்று வாரம் ஆகிவிட்டது. நான் இன்னும் போன் செய்யவில்லை. செய்தால் வாங்கோ என்பாள், அதில் எனக்குச் சந்தேகமில்லை. போவேன், தட்டு வைப்பாள், முதலில் நான் சாப்பிட்டு எழுவேன். நான் எழுந்த பிறகு அங்கே யார் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கிற பழக்கம் என்னிடம் இல்லை. இந்த வயதில் அது வருமா என்று தெரியவில்லை. போனை எடுத்து அவள் எண்ணைத் தேடுகிறேன், மறுபடி வைத்துவிடுகிறேன்.